சும்மாடும் சப்பாத்தும்: இன்சோல் பாதத்தின் அழுத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

தேர்வில் 'விளக்குக' என்று வினா வந்தால் நம் பிள்ளைகளில் பலர் நன்மைகளைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். "இன்சோல் போட்டால் கால் வலிக்காது. நடக்கச் சுகமாக இருக்கும். உடல் ஆரோக்கியம் பெருகும்." மூன்று வரி எழுதியதும் பேனா நின்றுவிடும். ஏன் வலிக்காது, எதனால் சுகம் என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்த 'ஏன்' இல்லாத கட்டுரை விளக்கக் கட்டுரை இல்லை, விளம்பரம்.

அதனால்தான் இம்முறை வளப் பகுதிக்கு ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொண்டேன். சப்பாத்துக்குள்ளே காலுக்கு அடியில் போடுகிற மெத்தை. கடையிலும் வீட்டிலும் எல்லாரும் 'இன்சோல்' என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது 'காலணி உள்மெத்தை' என்று மாணவர்கள் எழுதலாம், பொருள் புரியும். இந்தக் கட்டுரையில் நான் இன்சோல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தினமும் ஐந்தாறு பாடவேளை நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுகிறவர்களுக்கு இந்தத் தலைப்பில் சொந்த அக்கறையும் இருக்கும்.

முதலில் சப்பாத்தை விட்டுவிட்டுத் தலைக்குப் போவோம். பால்குடம் எடுப்பவர்கள் தலையில் துணியை வளையமாகச் சுருட்டி வைத்து அதன்மேல் குடத்தை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துணிதான் சும்மாடு. தோட்டத்தில் விறகு சுமந்த நம் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். சும்மாடு வைத்ததால் குடத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் தலை வலிக்கவில்லை. ஏன்? குடத்தின் அடியும் தலையின் உச்சியும் இரண்டுமே உருண்டை. உருண்டையும் உருண்டையும் ஒரு சின்ன இடத்தில்தான் தொட்டுக்கொள்ளும். மொத்த எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். இடையில் துணி வந்ததும், அது இரண்டின் வடிவத்துக்கும் ஏற்ப அமுங்கி, தொடுகிற இடத்தைப் பெரிதாக்குகிறது. எடை அதேதான், அதைத் தாங்குகிற இடம் மட்டும் அகலமாகிவிட்டது.

இன்சோல் செய்கிற முதல் வேலையும் இதேதான். குதிகால் எலும்பு உருண்டை. சப்பாத்தின் அடித்தட்டு தட்டை. நடுவில் ஒரு சும்மாடு.

இரண்டாம் படிவ அறிவியலில் 'தெக்கானான்' என்று நீங்கள் படிக்கிறீர்களே, அந்த அழுத்தம்தான் இங்கே பேசப்படுவது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. (யானையையும் கூர்முனைக் குதிகால் சப்பாத்தையும் ஒப்பிடும் உதாரணம் எல்லாப் புத்தகத்திலும் வந்துவிட்டது. யானைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்.) 60 கிலோ எடையுள்ள ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தரையை அழுத்தும் விசை ஏறக்குறைய 600 நியூட்டன். இரண்டு பாதங்களும் சேர்ந்து 200 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுகின்றன என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் 30 கிலோபாஸ்கல். பரவாயில்லை, தாங்கலாம்.

அவர் நடக்கத் தொடங்கியதும் கதை மாறுகிறது. ஓர் அடி எடுத்து வைக்கும் கணத்தில் ஒரே ஒரு குதிகால்தான் தரையில் இருக்கிறது. அது தொடும் இடம் 25 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதே 600 நியூட்டனை அந்தச் சின்ன இடம் தாங்க வேண்டும். அழுத்தம் 240 கிலோபாஸ்கல் ஆகிவிடுகிறது, எட்டு மடங்கு! உண்மையில் நடக்கும்போது தரை திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைவிடச் சற்று அதிகம். ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். இப்போது குதிகாலைக் கிண்ணம்போல அணைத்துக்கொள்ளும் ஓர் இன்சோலைப் போடுவோம். தொடும் இடம் 25லிருந்து 35 சதுர சென்டிமீட்டராகக் கூடினால் அழுத்தம் 171 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். ஆசிரியர் ஒரு கிலோகூட மெலியவில்லை, ஆனால் குதிகாலுக்கு நூற்றுக்கு 29 பங்கு நிம்மதி.

மாணவர்கள் கவனிக்க: "இன்சோல் எடையைக் குறைக்கிறது" என்று எழுதினால் தவறு. "எடையைப் பரப்பிவிடுகிறது" என்று எழுதுங்கள். ஒரு வினைச்சொல்தான் வேறு. ஆனால் அந்த வினைச்சொல்லில்தான் விளக்கமே இருக்கிறது.

இரண்டாவது வேலை நேரத்தோடு சம்பந்தப்பட்டது. மேலிருந்து ஒருவர் போடும் தேங்காயை நீங்கள் பிடிக்கிறீர்கள். கையை விறைப்பாக வைத்துக்கொண்டு பிடித்தால் உள்ளங்கை எரியும். தேங்காயோடு சேர்த்துக் கையையும் கீழே இறக்கிப் பிடித்தால் அவ்வளவு வலிக்காது. தேங்காய் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடியதால் அடியின் வேகம் தணிகிறது. குதிகால் தரையில் மோதும்போது இன்சோல் அமுங்குவதும் இப்படித்தான். மோதல் ஒரு கணத்தில் முடியாமல் கொஞ்சம் நீண்டு நடக்கிறது, உச்சகட்ட விசை குறைகிறது.

பாதத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது வேலையும் புரிந்துவிடும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். குதிகாலுக்கு அடியில் கொழுப்பாலான ஒரு மெத்தையை உடம்பே வைத்திருக்கிறது. அந்தக் கொழுப்பு சும்மா குவியலாகக் கிடப்பதில்லை. தேன்கூட்டு அறைகள்போலச் சின்னச் சின்ன நார்ச்சுவர்களுக்குள் அடைபட்டு இருக்கிறது. அதனால்தான் அமுக்கினாலும் பக்கவாட்டில் ஓடிவிடாமல் எழும்பி வருகிறது. வயது கூடக்கூட இந்த மெத்தையின் துள்ளல் குறைகிறது. கிண்ணம்போன்ற குதிகால் பகுதி உள்ள இன்சோல் இந்தக் கொழுப்பைச் சுற்றிலும் பிடித்து, எலும்புக்கு நேர் கீழே இருக்க வைக்கிறது. அதாவது நம்மிடம் ஏற்கனவே உள்ள மெத்தையை அது ஒழுங்காக வேலை செய்ய விடுகிறது.

பாதத்தின் நடுவில் வளைவு. வெறுங்காலில் சமதரையில் நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு குதிகாலில் இறங்குகிறது. மீதியில் பெரும்பகுதி முன்பாதத்துக்குப் போகிறது. நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. இரண்டு பேர் மேசை தூக்க, நடுவில் ஒருவர் கையை வீசிக்கொண்டு வருகிற மாதிரி. வளைவுக்கு ஏற்ப உயர்ந்திருக்கும் இன்சோல், அந்தச் சும்மா இருக்கும் இடத்தையும் வேலைக்கு இழுக்கிறது. மற்ற இரண்டு இடங்களின் சுமை குறைகிறது. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உண்டு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியிலேயே குதிகால் சுரீர் என்கிறதே, பலருக்கு அந்த வலி இந்தப் பட்டையில்தான். வளைவைத் தாங்கிக்கொண்டால் பட்டை அளவுக்கு மீறி இழுபடாது.

முன்பாதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஐந்து எலும்புகளின் தலைகள் வரிசையாக இருக்கின்றன. தோல் காய்த்துப்போவதும் எரிச்சலும் அங்கேதான் அதிகம். வலிக்கிற இடத்துக்கு நேர் கீழேயே ஒரு பஞ்சை வைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. அது நேர்மாறான வேலையைச் செய்யும். மேடு வந்த இடத்தில் அழுத்தம் கூடத்தானே செய்யும்? அந்தச் சிறு திண்டை எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். அப்போது எலும்பின் தண்டுப்பகுதி சுமையை வாங்கிக்கொள்ளும், தலைகள் லேசாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் இடம் மாறினால் பலனே மாறிவிடும்.

சரி, அப்படியென்றால் எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லதா? இல்லீங்க. பாசார் மாலாமில் விற்கும் சில இன்சோல்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மேகம் மாதிரி இருக்கும். விரலால் அமுக்கும்போது மெத்தென்று இருப்பது, 60 கிலோ ஏறி நின்றதும் அப்பளமாகிவிடும். முழுவதும் அமுங்கிப்போன பிறகு அது மெத்தை இல்லை, வெறும் தாள். எலும்பு மறுபடி கட்டாந்தரையைத்தான் தொடுகிறது. பழைய பஞ்சு மெத்தையில் படுத்தால் இடுப்பெலும்பு பலகையில் இடிக்குமே, அதே நிலைமை. அமுங்கவும் வேண்டும், அமுங்கி முடியாமலும் இருக்க வேண்டும். அதனால்தான் நல்ல இன்சோல்களில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு இருக்கும்: மேலே மென்மையானது, அடியில் வடிவம் கெடாத சற்றுக் கடினமானது. ஈ.வி.ஏ. என்ற நுரைப்பொருள் விலை மலிவு, இலகு, ஆனால் நாளடைவில் தட்டையாகிவிடும். தினமும் போடுகிறவர்கள் அவ்வப்போது எடுத்துப் பார்த்து, அமுங்கிய தடம் எழும்பாமல் கிடந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது சுகத்தைப் பற்றி. இனி வருவது காலையே காப்பாற்றுவதைப் பற்றி. இந்தப் பகுதிக்குத் தமிழ்நாட்டோடு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேய மிஷனரி பெற்றோரின் மகன். எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவராக 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே அவர் கண்ட தொழுநோயாளிகள் பலருக்கு விரல்களும் பாதமும் தேய்ந்து போயிருந்தன. நோய் சதையை அழுக வைக்கிறது என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்துச் சொன்னது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் காயம் படுகிறது, பட்ட காயத்தின் மேலேயே நடக்கிறார்கள், பாதம் தேய்கிறது.

இதில் அவர் கண்ட முக்கியமான விஷயம், காயத்துக்கு ஆணியோ கண்ணாடியோ குத்த வேண்டியதில்லை என்பது. சாதாரண நடையே போதும். நாம் நீண்ட தூரம் நடக்கும்போது முன்பாதம் எரிய ஆரம்பித்தால் நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். கொஞ்சம் பாதத்தின் வெளிப்பக்கம் சாய்கிறோம், அடியைச் சிறிதாக்குகிறோம், எங்காவது உட்காருகிறோம். உணர்ச்சி இல்லாத பாதம் இதைச் செய்யாது. முதல் அடியை எப்படி வைத்ததோ, ஆயிரமாவது அடியையும் அதே இடத்தில் அதே அழுத்தத்தோடு வைக்கும். தினமும் 8000 அடி நடக்கிறவருக்கு ஒரு பாதத்தில் ஒரே இடத்தில் 4000 தடவை. தோலுக்கு அடியில் உள்ள திசு சூடேறி, வீங்கி, கடைசியில் புண்ணாகி உடைகிறது.

வலி இல்லாதவர்க்கு நடையை மாற்றச் சொல்லிக்கொடுக்க முடியாது. எனவே அழுத்தத்தை மாற்ற வேண்டும். நுண்துளை ரப்பர் என்ற பஞ்சுபோன்ற ரப்பரை உள்ளே மெத்தையாகவும், முள் குத்தாதபடி கடினமான ரப்பரை அடியிலும் வைத்த செருப்புகள் இப்படித்தான் உருவாயின. ஆணி அடிக்காமல் செய்தார்கள். ஆணி மேலே எழும்பிக் குத்தினாலும் போட்டவருக்குத் தெரியாதே! தமிழ்நாட்டில் இன்றைக்கும் கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதை இப்போது அதிகம் வாங்குகிறவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். பிராண்டும் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாடம் நீரிழிவுப் பாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது என்று அங்கேயிருந்து எடுத்துச் சொன்னார். காரணம் வேறு நோய், ஆனால் நரம்பு கெட்டு உணர்ச்சி போவது ஒன்றுதான்.

இங்கேதான் இது நம் வீட்டு விஷயம் ஆகிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, மூன்று பேரில் ஒருவர் என்கிற அளவு. உங்கள் வகுப்பில் 30 மாணவர்கள் இருந்தால், வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாருக்காவது இனிப்புநீர் இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் அம்மாவுக்கும் உண்டு. ஒருமுறை தோட்டின் திருகாணி சப்பாத்துக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், கடைக்குப் போய், வீட்டுக்கும் வந்துவிட்டார். காலுறையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. கட்டு மாற்ற மூன்று மாதம் கிளினிக்குக்கு நடந்தோம். இப்போது அவர் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் போடுவதில்லை. பேரப்பிள்ளைகளும் அதைப் பார்த்துத் தங்கள் பள்ளிச் சப்பாத்தைத் தட்டுகிறார்கள்.

உணர்ச்சி போய்விட்டதா என்று பார்க்கும் சோதனை மிக எளிது. அரசாங்கக் கிளினிக்கிலேயே செய்வார்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் விசை வந்ததும் இழை வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் கடையில் தொங்கும் இன்சோலை வாங்கிப் போடுவது போதாது. பாதத்தின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்பச் செய்து தர வேண்டும். ஒருமுறை உள்ளங்காலில் புண் வந்து ஆறியவர்களுக்குச் சப்பாத்துக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்ததைவிட 30 விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டி. நாம் மேலே போட்ட கணக்கில் 240 எப்படி 171 ஆனது என்பதை மறுபடி பாருங்கள். அந்த எண்களின் முக்கியத்துவம் இப்போது தெரியும்.

இன்னொன்று. இன்சோல் தடிமனாக இருந்தால் கால் மேலே எழும்பும், சப்பாத்தின் மேல்பாகம் விரல்களை நெருக்கும். அடியில் காப்பாற்றப்போய் மேலே புண் வந்துவிடக் கூடாது. பழைய இன்சோலை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதும், ஆழம் கூடிய சப்பாத்து வாங்குவதும் இதற்காகத்தான். சாயங்காலத்தில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். சப்பாத்து வாங்க அதுதான் சரியான நேரம், இன்சோலையும் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

இன்சோலுக்கு இல்லாத சக்தியையும் சிலர் ஏற்றிச் சொல்கிறார்கள். முதுகுவலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை. தட்டைப் பாதமுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு இன்சோல் போட்டால் வளைவு வளர்ந்துவிடும் என்பதும் அப்படித்தான். வலி இல்லாத, வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதத்துக்குப் பொதுவாக ஒன்றுமே தேவையில்லை. குதிகால் வலிக்கு, அளவெடுத்துச் செய்த விலை உயர்ந்த இன்சோலும் கடையில் வாங்கும் வடிவமைத்த இன்சோலும் பலன் தருவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பணத்தைப் பார்த்துச் செலவு செய்யுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை. கட்டத்தாளைத் தரையில் விரித்து, பாதத்தை நனைத்து ஏறி நிற்கச் சொல்லுங்கள். ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து கட்டங்களை எண்ணினால் பரப்பளவு கிடைக்கும். வளைவு உயர்ந்த பிள்ளையின் தடத்தில் நடுப்பகுதி மெலிந்தோ காணாமலோ இருக்கும். தட்டைப் பாதத்தில் முழுத் தடமும் விழும். எடையைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நியூட்டன் கணக்கு. ஒற்றைக் காலில் நின்றால் அழுத்தம் எவ்வளவு, நுனிக்காலில் நின்றால் எவ்வளவு என்று குழுவாகக் கணக்கிடட்டும். (யாருடைய எடையையும் சத்தமாகப் படிக்க வேண்டாம். எல்லாக் குழுவுக்கும் 50 கிலோ என்றே கொடுத்துவிடுங்கள்.)

பிறகு எழுத்து வேலை. "உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இன்சோல் எவ்வாறு உதவுகிறது என்பதை விளக்குக." 150 சொற்கள். 'நன்மை', 'ஆரோக்கியம்' என்ற இரண்டு சொற்களையும் தொடக்கூடாது. 'பரப்பளவு', 'விசை', 'அழுத்தம்', 'உணர்ச்சி', 'திரும்பத் திரும்ப' ஆகிய ஐந்தும் கட்டாயம் வர வேண்டும். வேகமாக முடித்துவிடும் மாணவருக்கு ஒரு துணைக் கேள்வி: புண் உள்ள இடத்துக்கு நேராக இன்சோலில் ஓட்டை போட்டுவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. அப்படியிருந்தும் பல நிபுணர்கள் ஓட்டை போடத் தயங்குகிறார்கள், ஏன்? ஓட்டையின் விளிம்பை யோசிக்கச் சொல்லுங்கள்.